கப்பல் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேள்வி இதுதான்: மெரினா மணலில் நின்று பார்த்தால் தூரத்துக் கப்பல்கள் எல்லாமே தொடுவானக் கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிகின்றன. பூமி வளைந்திருக்கிறது என்றால் சில கப்பல்கள் வளைவுக்கு இந்தப் பக்கமும் சில அந்தப் பக்கமும் இருக்க வேண்டுமே. எது எங்கே என்று வெறும் கண்ணால் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு எல்லாக் கப்பலையும் பற்றிச் சொல்லிவிட முடியாது. மணலில் நிற்பவர் 2 கிலோமீட்டருக்குள் இருக்கும் படகையும், 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பெரிய கப்பலையும் தயங்காமல் அடையாளம் சொல்லலாம். இடையில் இருப்பவை எல்லாம் கோட்டின் மேல் உட்கார்ந்தபடிதான் தெரியும். உங்கள் கண்ணில் குறையில்லை. அந்த உயரத்திலிருந்து அப்படித்தான் தெரிய வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது. கப்பலின் மேல்பகுதியைப் பார்த்துப் பயனில்லை. கப்பலின் உடல் தண்ணீரைத் தொடுகிற நீர்க்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த நீர்க்கோடு தெரிந்து, அதற்கு மேலே, கப்பலின் பின்னால், இன்னும் கொஞ்சம் கடல் தெரிந்தால் கப்பல் இந்தப் பக்கம் இருக்கிறது. நீர்க்கோடும் தொடுவானமும் ஒன்றாகவே இருந்தால் கப்பல் கோட்டில் இருக்கிறது. நீர்க்கோடே இல்லாமல் கப்பலின் உடல் பாதியில் வெட்டப்பட்டதுபோல் தொடுவானத்தில் முடிந்தால் கப்பல் அந்தப் பக்கம். இவ்வளவுதான் விதி. சிக்கல் எல்லாம், இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதில்தான்.

தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் கண் 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொடுவானத்தின் தூரம் கிடைக்க, கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86-ஆல் பெருக்கினால் போதும், விடை கிலோமீட்டரில் வரும். 2 மீட்டருக்குச் சுமார் 5.5 கிலோமீட்டர். இதைக் கேட்டுப் பலர் நம்ப மாட்டார்கள். கடல் ஏதோ ஐம்பது கிலோமீட்டர் வரை விரிந்து தெரிவதாகவே மனம் நினைத்துக்கொள்கிறது. உண்மையில் மணலில் நிற்பவருக்குக் கடல் ஐந்தரைக் கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கட்டுமரத்தில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருக்கு நாலு கிலோமீட்டர்கூட இல்லை.

சரி, இந்த ஐந்தரைக் கிலோமீட்டர் கடல் கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது? ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். முழு நிலாவின் அகலம் சுமார் 31 கோண நிமிடம். நல்ல பார்வை உள்ளவர் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு கோண நிமிட இடைவெளி வேண்டும். மணலில் நிற்பவருக்கு, 2.3 கிலோமீட்டரில் தொடங்கி 5.5 கிலோமீட்டரில் தொடுவானம் வரும்வரை உள்ள கடற்பரப்பு முழுவதும் அந்த ஒரே ஒரு கோண நிமிடத்துக்குள் நசுங்கிப் போகிறது. ஒரு நீளமான மேசையில் வரிசையாக நாணயங்களை வைத்துவிட்டு, கண்ணை மேசை விளிம்பு வரை தாழ்த்திப் பாருங்கள். கடைசி நாலைந்து நாணயங்களில் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. மேசை தட்டையாக இருந்தாலே இந்தக் கதி. கடலோ வளைந்து கீழே வேறு போகிறது.

அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். 10 கிலோமீட்டரில் நிற்கும் கப்பல் தொடுவானத்தைத் தாண்டி நாலரைக் கிலோமீட்டர் போய்விட்டது. ஆனால் வளைவு அதன் அடியிலிருந்து மறைப்பது 1.4 மீட்டர் மட்டுமே. 10 கிலோமீட்டர் தூரத்தில் 1.4 மீட்டர் என்பது அரைக் கோண நிமிடம். கண்ணால் அந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. கப்பல் முழுதாக, கோட்டின் மேல் சமத்தாக நிற்பதுபோலவே இருக்கும். 13 கிலோமீட்டர் போனால்தான் மறைவது கிட்டத்தட்ட நாலு மீட்டராகி ஒரு கோண நிமிடத்தைத் தொடுகிறது. ஆக மணலில் நிற்பவருக்கு 2.3 முதல் 13 கிலோமீட்டர் வரை எந்தக் கப்பல் எங்கே நின்றாலும், கூடுவதும் குறைவதும் ஒரு கோண நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள் கரையிலிருந்து பார்க்கையில் ஒரே கோட்டில் வரிசையாக நிற்பதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஏழு மடங்கு பைனாகுலர் இருந்தால் இந்தக் குழப்ப எல்லை சுமார் 4 முதல் 7.5 கிலோமீட்டராகச் சுருங்கும். கடல் அமைதியாக இருக்கும் நாளில்தான் அதுவும். ஒரு மீட்டர் அலை இருந்தால் தொடுவானமே பல் வைத்த கோடாகிவிடும், சிறு படகுகள் இந்தப் பக்கம் இருக்கும்போதே அலைக்குப் பின்னால் மறைந்து மறைந்து வரும்.

அப்படியானால் என்ன செய்வது? கண்ணின் உயரத்தை மாற்றுங்கள். இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்வது இந்த ஒன்றைத்தான். கப்பலையே எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கிடைக்காத பதில், பத்து மாடி ஏறினால் ஒரு நொடியில் கிடைக்கும்.

மெரினா கலங்கரை விளக்கத்தில் பொதுமக்களை ஏற விடும் நேரத்தில் போய்ப் பாருங்கள்; லிஃப்ட்டே உண்டு. முதலில் கீழே மணலில் நின்று மூன்று நாலு கப்பல்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேலே போங்கள். கண் 40 மீட்டர் உயரத்துக்குப் போனதாக வைத்தால் தொடுவானம் 24 கிலோமீட்டருக்குத் தள்ளிப் போயிருக்கும். கீழே கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த 10 கிலோமீட்டர் கப்பலுக்குப் பின்னால் இப்போது ஒரு பட்டை கடல் தெரியும். சுமார் ஐந்து கோண நிமிடம், அதாவது நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு; எவரும் பார்த்துவிடலாம். 20 கிலோமீட்டரில் நிற்கும் கப்பல் கீழிருந்து பார்க்கும்போது அடியில் 14 மீட்டர் இல்லாமல், மேல்கட்டும் பெட்டி அடுக்கும் மட்டுமாகத் தெரிந்திருக்கும். மேலே போனதும் அதன் உடல் முழுதாகத் திரும்பி வந்திருக்கும். எந்தக் கப்பல் கீழே வெட்டுப்பட்டு மேலே முழுதாகிறதோ, அது நீங்கள் கீழே நின்றபோது வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எது கீழே கோட்டில் இருந்து, மேலே வந்ததும் கோட்டை விட்டு இறங்கித் தெளிவாகக் கடலுக்கு நடுவில் நிற்கிறதோ, அது நடுத்தரத் தூரத்தில் இருக்கிறது. மேலே போயும் வெட்டுப்பட்டே இருந்தால் அது மிக மிகத் தூரம்.

கலங்கரை விளக்கம் வேண்டாம் என்றால் கடலைப் பார்த்த ஆறேழு மாடிக் கட்டடம் போதும். கண் 20 மீட்டரில் இருந்தால், அதே 20 கிலோமீட்டர் கப்பலின் மறைவு 14 மீட்டரிலிருந்து அரை மீட்டராகக் குறைந்துவிடும். கணக்கு எளிது: கப்பலின் தூரத்திலிருந்து உங்கள் தொடுவானத் தூரத்தைக் கழியுங்கள், 3.86-ஆல் வகுங்கள், வர்க்கப்படுத்துங்கள். மறைகிற உயரம் மீட்டரில் வரும்.

தூரத்தில் இருப்பதால் கப்பலின் அடிப்பகுதி சிறுத்து மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான், ஜூம் லென்ஸ் போட்டால் திரும்ப வந்துவிடும் என்று ஒரு வாதம் இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. இது தவறு, தவறு என்று கணக்காலேயே காட்டலாம். 200 மீட்டர் நீளக் கப்பல் 20 கிலோமீட்டரில் பக்கவாட்டாக நின்றால் 34 கோண நிமிடம் அகலம். நிலாவை விடக் கொஞ்சம் பெரியது. மறைந்துபோன அந்த 14 மீட்டர் உடல் இரண்டரைக் கோண நிமிட உயரம் இருக்க வேண்டும். சிறியதால் மறைவதற்கு அது ஒன்றும் சிறியது அல்ல. அதே கப்பலின் மேலே உள்ள, உடலை விட மிக மெல்லிய கம்பமும் கிரேனும் பைனாகுலரில் தெரிகின்றன, உடல் மட்டும் தெரியவில்லை. ஜூம் செய்தால் திரும்பி வருவது, உண்மையிலேயே சிறியதாக இருந்ததால் கண்ணுக்குத் தப்பிய படகு. இந்தப் பக்கம் இருந்த படகுதான் அது.

இடது பக்கம் முதல் வலது பக்கம் வரை தொடுவானத்தைப் பார்த்து, கோடு நேராகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. அந்தத் திசையில் வளைவைப் பார்க்கப் பெரிய விமானங்கள் பறக்கும் உயரமாவது வேண்டும். கடற்கரையில் நிற்பவருக்கு வளைவு தெரிவது தன்னை விட்டு விலகிப் போகும் திசையில் மட்டுமே.

இனி காற்று. இது இல்லாமல் இந்தப் பதில் பாதிதான். மேலே 3.86 என்று சொன்ன எண்ணில் ஏற்கெனவே காற்றின் பங்கு சேர்ந்திருக்கிறது. காற்றே இல்லாத பூமியில் அது 3.57. தரையை ஒட்டிய காற்று அடர்த்தியாகவும் மேலே போகப்போக இலேசாகவும் இருப்பதால், கடலை ஒட்டி வரும் ஒளி கீழ்நோக்கி வளைகிறது. பூமியின் வளைவில் ஆறில் அல்லது ஏழில் ஒரு பங்கு அளவுக்கு. அதனால் தொடுவானம் எட்டு சதவீதம் தள்ளிப் போகிறது. ஆனால் இது சராசரி. குளிர்ந்த தண்ணீர்மேல் சூடான காற்று படிந்தால் ஒளி இன்னும் அதிகமாக வளைந்து, அந்தப் பக்கம் இருக்கும் கப்பலையும் தூக்கிக் காட்டிவிடும். நேர்மாறாக, குளிர்காலத்து விடியலில் நிலத்திலிருந்து வீசும் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான கடல்மேல் போகும்போது, கடலை ஒட்டிய மெல்லிய அடுக்கு மேலே உள்ளதை விடச் சூடாகிறது. அப்போது கானல் நீர் உண்டாகும் அதே முறையில் வானத்தின் பிம்பம் கப்பலின் அடியில் வந்து உட்காரும். கப்பல் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோலத் தெரியும். அப்படித் தெரியும் கப்பலை வைத்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. கடலை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டர் காற்றுதான் அதிகம் ஏமாற்றும். கண்ணை உயர்த்துவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: பார்வைக்கோட்டின் பெரும்பகுதி அந்தக் குழப்பமான அடுக்குக்கு மேலே போய்விடும்.

இதை நேரடியாகக் காட்டிய ஒரு சம்பவம் இங்கிலாந்தில் நடந்தது. ஓல்ட் பெட்ஃபோர்ட் ஆற்றில் ஆறு மைலுக்குத் திருப்பமே இல்லாத ஒரு நேரான கால்வாய்ப் பகுதி உண்டு. 1838-ல் சாமுவேல் ரோபாதம் என்பவர் தண்ணீரில் இறங்கி, கண்ணைத் தண்ணீருக்கு மேலே வெறும் 20 சென்டிமீட்டரில் வைத்து, விலகிப் போகும் படகு ஆறு மைலும் தெரிந்தது, ஆகவே பூமி தட்டை என்று அறிவித்தார். காற்று அதிகம் ஏமாற்றும் உயரத்தில் கண்ணை வைத்ததுதான் அதில் நடந்த பிழை. 1870-ல் ஜான் ஹாம்ப்டன் என்ற தட்டைப் பூமிக்காரர் 500 பவுண்டு பந்தயம் கட்ட, ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதை ஏற்றார். டார்வினோடு சேர்த்து இயற்கைத் தேர்வுக் கொள்கைக்குப் பெயர் சொல்லப்படும் அதே வாலஸ்தான். இளமையில் நில அளவையாளராக வேலை பார்த்தவர், அதனால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பார்வைக்கோட்டைத் தண்ணீரிலிருந்து சுமார் நாலு மீட்டர் உயர்த்தினார். ஆற்றின் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் அடையாளங்கள் வைத்து, ஒரு முனையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தார். தண்ணீர் தட்டை என்றால் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். நடுவில் இருந்தது மேலே எழும்பித் தெரிந்தது. ஆறு மைலுக்கு நடுப்புள்ளி, காற்றின் வளைவைக் கழித்தால் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும் என்பது கணக்கு. நடுவர் வாலஸுக்கே வெற்றி என்றார். ஹாம்ப்டன் ஏற்கவில்லை, பல வருடம் வாலஸைத் திட்டிக் கடிதம் எழுதி, அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார். ஒரே ஆறு, ஒரே தூரம். கண் இருந்த உயரம் மட்டுமே ரோபாதத்துக்கும் வாலஸுக்கும் வேறு.

காற்று ஏமாற்றும் பொருள்களிலேயே பெரியது சூரியன். தொடுவானத்தில் ஒளி வளைவது சுமார் 34 கோண நிமிடம், சூரியனின் அகலம் 32. ஆக கன்னியாகுமரியில் சூரியனின் அடி விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும் நேரத்தில், காற்று இல்லாவிட்டால் முழுச் சூரியனும் கோட்டுக்குக் கீழே போயிருக்கும். உயரத்தின் கணக்கு சூரியனுக்கும் பொருந்தும். 2011 ரமலானில் துபாயின் தலைமை முஃப்தி, புர்ஜ் கலீஃபாவில் 80-வது மாடிக்கு மேல் வசிப்பவர்கள் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150-வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னார். கீழே நிற்பவருக்கு அந்தப் பக்கம் போய்விட்ட சூரியன் மேலே இருப்பவருக்கு இன்னும் இந்தப் பக்கம்தான்.

தனுஷ்கோடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அரிச்சல்முனையில் நின்று இலங்கையைப் பார்த்தேன் என்பவர்கள் நிறைய. தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். 2 மீட்டர் உயரக் கண்ணுக்கு, சாதாரண நாளில் அந்தத் தூரத்தில் அடியிலிருந்து 40 மீட்டர் மறைந்துவிடும். மன்னார்த் தீவு தாழ்வான மணல் நிலம். பனையும் தென்னையும் 40 மீட்டர் வளராது. ஆகவே பகலில் அங்கே கரை என்று தெரிவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ராமர் பாலத்து மணல் திட்டுகள்தான். உயர்ந்த கோபுரத்தின் உச்சி தெரிய வாய்ப்புண்டு. இரவில் விளக்குகளின் ஒளி வானத்தில் படிந்து மங்கலாகத் தெரியவும் வாய்ப்புண்டு. காற்று ஒளியை அதிகமாக வளைக்கும் அபூர்வ நாளில் கரையே எழும்பித் தெரியலாம், அதை மறுக்க மாட்டேன்.

இரவில் இந்தக் கணிப்பு பகலை விட நுட்பமானது. கப்பலை ஓட்டும் உயரமான அறையான பிரிட்ஜில் நிற்பவர்கள் பழங்காலம் தொட்டுச் செய்கிற ஒரு வேலை உண்டு. கலங்கரை விளக்கின் ஒளி தொடுவானத்தில் முதன்முதலாகப் பளிச்சிட்டதும் சட்டென்று முழங்காலை மடக்கிக் கண்ணைத் தாழ்த்துவார்கள். ஒளி மறைந்து, எழுந்ததும் திரும்ப வந்தால், அந்த விளக்கு இப்போது வளைவின் விளிம்பிலேயே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது தூரத்தைக் கையோடு கணக்குப் போட்டுவிடலாம். மெரினா விளக்கின் ஒளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 57 மீட்டர் உயரம். மாலுமியின் கண் 9 மீட்டரில் இருந்தால், இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி 3.86-ஆல் பெருக்கினால் சுமார் 41 கிலோமீட்டர். தாழ்ந்தாலும் ஒளி மறையவில்லை என்றால் விளக்கு விளிம்பைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது, தூரம் அதை விடக் குறைவு.

அந்த விளக்கின் எட்டும் தூரம் 28 கடல் மைல், அதாவது 52 கிலோமீட்டர் என்று பட்டியல்களில் போட்டிருக்கும். அது ஒளியின் வலிமையைச் சொல்கிறது, வளைவைக் கணக்கில் எடுப்பதில்லை. 52 கிலோமீட்டரில் அந்த ஒளியை நேராகப் பார்க்க மாலுமியின் கண் சுமார் 35 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெரிய சரக்குக் கப்பலின் பிரிட்ஜில் அது நடக்கும். மீன்பிடி விசைப்படகில் நடக்காது, அதில் இருப்பவருக்கு 40 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் உண்டு.

கரையிலிருந்து இரவில் கப்பல்களைப் பார்ப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. ஓடுகிற கப்பலின் பச்சை, சிவப்புப் பக்க விளக்குகள் தெரியாமல் மேலே உள்ள வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தால், கீழ்ப்பகுதி வளைவுக்குப் பின்னால் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 50 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல்களுக்குச் சர்வதேச விதி கேட்பது மேல் விளக்குக்குக் குறைந்தது 6 கடல் மைல், பக்க விளக்குக்கு 3 கடல் மைல். பக்க விளக்கு மங்கி மறைவதே முதலில் நடந்துவிடும். நங்கூரம் போட்ட கப்பல்தான் இரவில் நம்பகமானது. 100 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது மேல்தளத்தையே விளக்குப் போட்டு வெளிச்சமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மணலில் நின்று பாருங்கள்: ஒரு நீண்ட விளக்கு வரிசை முழுதாகத் தெரிந்தால் அந்தக் கப்பலின் மேல்தளம் கோட்டுக்கு மேலே இருக்கிறது. வரிசை இல்லாமல் உயரத்தில் ஒன்றிரண்டு விளக்கு மட்டும் தெரிந்தால் மணலில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு பின்னால் இருக்கும் ஏதாவது மேட்டிலோ படிக்கட்டிலோ ஏறிப் பாருங்கள். உட்காரும்போது இன்னொரு விளக்கு குறைந்து, ஏறும்போது கூடினால் அந்தக் கப்பல் வளைவுக்கு அந்தப் பக்கம்.